கைக்குட்டையில் வந்த ரேடியம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘அணுக்கரு இயற்பியல்’ பாடத்தைத் தொடங்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி கேட்பேன். “ரேடியம் என்ற சொல்லை எங்கே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?” விடை எப்போதும் ஒன்றுதான். “பைக்ல ஒட்டுறது சார்!”

நம் ஊர்களில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ ஒட்டும் கடை இல்லாத கடைத்தெரு இல்லை. அந்த ஸ்டிக்கரில் துளி ரேடியமும் கிடையாது. தன்மீது விழும் விளக்கொளியை வந்த பக்கமே திருப்பி அனுப்பும் தாள் அது. இருட்டில் மின்னுகிற எதற்கும் ‘ரேடியம்’ என்று பெயர் வைக்கும் பழக்கம், உண்மையிலேயே ரேடியம் பூசப்பட்ட கடிகாரங்கள் புழக்கத்தில் இருந்த காலத்தின் மிச்சம். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். “சார், எங்க ஆச்சி வீட்ல பழைய மிலிட்டரி வாட்ச் ஒண்ணு இருக்கு. அவங்க அப்பா பர்மா சண்டையில கட்டியிருந்ததாம். கொண்டு வரட்டுமா?”

“கொண்டு வா தம்பி” என்றேன். நான் செய்த முதல் தவறு அது.

நடந்தது என்ன?

மறுநாள் கடிகாரம் கைக்குட்டையில் முடிந்து வந்தது. கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், பன்னிரண்டுக்குக் கீழே தடித்த அம்புக்குறி. கண்ணாடிக்குப் பதிலாக இருந்த பிளாஸ்டிக் மூடியில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. வகுப்பில் எல்லோரும் பார்க்கட்டும் என்று கைமாற்றி அனுப்பினேன். கடைசி பெஞ்சில் ஒருவன், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில், காம்பஸ் முனையை அந்த உடைப்பின் வழியே விட்டு முள்ளைத் தள்ளிப் பார்த்தான். முள்ளில் இருந்த பழுப்பு நிறப் பொருள் பொடியாக உதிர்ந்து பெஞ்சில் விழுந்தது. நான் அருகில் சென்று, “ஏம்ப்பா, உடைச்சிராதீங்க” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பொடியை வாயால் ஊதினேன். அடுத்த மணி மதிய உணவுக்கானது.

அன்று இரவு மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கதிரியக்கத்தின் பயன்கள் என்ற தலைப்பில், பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வரியையே மீண்டும் எழுதினேன்: ‘ரேடியம் முற்காலத்தில் கடிகார முகப்புகளில் பூசப்பட்டது.’ எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. இருபதாண்டுக்கு மேலாக இந்த வரியைச் சொல்லிவருகிறேன். அதே பொருளை என் வகுப்பு பெஞ்சில் நானே ஊதிப் பரப்பியிருக்கிறேன்.

காலையில் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். வகுப்பை வேறு அறைக்கு மாற்றினோம். பெஞ்சையும் தரையையும் உலர் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் மட்டும் துடைத்துத் துணிகளை உறையிலிட்டுக் கட்டினோம். பக்கத்து நகரக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் பேராசிரியரை அழைத்தேன். அன்று மாலையே கையில் எடுத்துச் செல்லும் கெய்கர் எண்ணியுடன் வந்தார். அறை முழுவதும் பின்னணி அளவுதான் இருந்தது. அந்தக் கடைசி பெஞ்சின் பலகைப் பிளவுக்கு அருகே கொண்டுசென்றபோது மட்டும் ‘டிக் டிக்’ ஒலி நெருக்கமானது. அந்தப் பிளவை ஈரப் பஞ்சால் மூன்று முறை துடைத்தபின் ஒலி அடங்கியது. துணிகளையும் பஞ்சையும் அவரே எடுத்துச் சென்றார். ஒருமுறை சிதறிய இந்தச் சிறு அளவுக்காகப் பிள்ளைகளைக் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும், இனி ஒருமுறை இப்படி நடக்கக்கூடாது என்றும் சொன்னார். இரண்டையும் பெற்றோரிடம் அப்படியே சொன்னேன்.

ஏன் அஞ்ச வேண்டும்?

மேரி கியூரியும் பியரி கியூரியும் 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தனர். ரேடியம் உமிழும் ஆல்பா துகள்கள் துத்தநாக சல்பைடின் மீது மோதினால் அது ஒளிரும். இரண்டையும் பசையில் கலந்தால், வெயிலில் காட்டாமலே இரவு பகல் ஓயாமல் ஒளிரும் பூச்சு கிடைக்கும். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் இருந்த வீரருக்குச் சட்டைப்பைக் கடிகாரம் வசதிப்படவில்லை. தீக்குச்சி கிழித்து நேரம் பார்த்தால் எதிரியின் குண்டு வரும். கைக்கடிகாரமும் ரேடியம் முகப்பும் சேர்ந்தே பரவியதற்கு அந்தப் போர் ஒரு முக்கியக் காரணம்.

அந்த முகப்புகளுக்கு வண்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரில் இயங்கிய தொழிற்சாலையில், தூரிகை முனையைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து உருட்டும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள் போனது. வேதிப் பண்பில் ரேடியம் கால்சியத்தின் குடும்பம். எனவே உடல் அதை எலும்பில் சேர்த்து வைத்தது. பற்கள் விழுந்தன, தாடை எலும்பு சிதைந்தது, பலர் இறந்தனர். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் 1927இல் வழக்குத் தொடுத்தனர். 1928இல் நிறுவனம் இழப்பீடு தர உடன்பட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரில் இதே வேலை செய்த கேத்தரின் டொனஹ்யூ, எழுந்து நிற்கவும் முடியாத நிலையில் சாட்சியம் சொல்லி 1938இல் வென்றார். அதே ஆண்டு இறந்தார். தொழிலாளர் பாதுகாப்பு பற்றிப் பேசும் எந்த வகுப்பிலும் இந்தப் பெண்களுக்கு இடம் உண்டு.

முழுதாக மூடியிருக்கும் கடிகாரத்தின் ஆல்பா துகள்களைக் கண்ணாடியே தடுத்துவிடும். ஓரளவு காமா கதிர் வெளியே வரும். ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயுவும் கசியும். பெரிய ஆபத்து மூடி உடைந்து பொடி உதிரும்போதுதான். மூச்சிலும் உணவிலும் சேர்ந்து உள்ளே போகும் துகளைத் தடுக்க அங்கே கண்ணாடி கிடையாது.

ஒளி போனால் கதிரியக்கம் போய்விட்டதா?

மாணவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. “இருட்டில வச்சுப் பார்த்தோம் சார், முள்ளு மின்னவே இல்ல. அப்ப ரேடியம் தீர்ந்துபோச்சுல்ல?”

தீரவில்லை. பல ஆண்டுகள் ஆல்பா துகள்கள் தாக்கியதில் துத்தநாக சல்பைடு பழுதாகிவிட்டது. பாட்டுப் பாடுபவர் ஓயவில்லை, ஒலிபெருக்கிதான் கெட்டுவிட்டது. கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம் சுமார் 1600 ஆண்டுகள். பூசி 80 ஆண்டு ஆகியிருந்தால் அது அரை ஆயுட்காலத்தில் இருபதில் ஒரு பங்கு. எஞ்சியிருப்பது 96 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு 3,700 கோடி அணுக்கரு சிதைவுகள் நிகழ்கின்றன. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மைக்ரோ கிராமில் நொடிக்கு 37,000. இந்தக் கணக்கை மாணவர்களே போட்டார்கள். போட்டு முடித்தபின் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

இதற்கு நேர் எதிராக இருப்பது டிரிட்டியம். 1960களில் கடிகாரத் தொழில் ரேடியத்தைக் கைவிட்டு இதற்கு மாறியது. இதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு. 60 ஆண்டுப் பழைய டிரிட்டியப் பூச்சில் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவுதான் மிஞ்சியிருக்கும். அது உமிழும் பீட்டா துகள் மிகவும் வலுக்குறைந்தது. கடிகாரக் கண்ணாடியைத் தாண்டி வராது. எனவே மூடிய கடிகாரத்தின் அருகே கெய்கர் எண்ணி ஆரவாரம் செய்தால் அது ரேடியத்தையே சுட்டும். டிரிட்டியம் அப்படிச் செய்யாது.

உண்மையானதா?

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. மாணவனின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். மகளை நர்சிங் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். யாரோ ஒருவர் இந்தக் கடிகாரத்தின் புகைப்படத்தைப் பார்த்து, ‘உலகப்போர் கடிகாரம், லட்சக்கணக்கில் போகும்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டணம் கட்ட நினைத்திருந்தார். “நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க சார். உண்மையா, டூப்பா?” என்றார்.

எனக்குத் தெரிந்தது அறிவியல் ஆசிரியரின் வழி ஒன்றுதான்: ஒரு சாட்சியை மட்டும் நம்பாதே, ஒன்றையொன்று சாராத பல சாட்சிகளைக் கேள். சமூக அறிவியல் ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கல்லூரி ஆய்வகத்தில், பேராசிரியரின் மேற்பார்வையில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரத்தாள் விரித்த தட்டின்மேல் வைத்து, கடைத்தெருக் கடிகார ரிப்பேர்க்கார அண்ணாச்சி பின்மூடியை ஒரே ஒருமுறை திறந்தார். மாணவர்களுக்குப் புகைப்படங்களை மட்டும் காட்டினோம்.

முதல் சாட்சி, பின்மூடி. பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி அதில் இருந்தது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது போல, பீரங்கி முதல் போர்வை வரை அரசுப் பொருள்களில் எல்லாம் பொறிக்கப்பட்ட குறி இது. அதன்கீழே ‘ஏ.டி.பி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இராணுவம் பல சுவிஸ் நிறுவனங்களிடம் வாங்கிய கைக்கடிகார வகை ஒன்றின் அடையாளம் அது. எழுத்தின் பள்ளத்தில் அழுக்கு இறுகியிருந்தது. விளிம்புகள், மூடியின் மற்ற பகுதி தேய்ந்த அளவுக்கே தேய்ந்திருந்தன. தேய்ந்த மூடியில் கூரான புதுப் பொறிப்பு இருந்தால்தான் ஐயம் கொள்ள வேண்டும். அரசு ஒரு பொருளை விற்றுவிட்டால், இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டுவது போலக் குறியிடுவது உண்டு. இதில் அது இல்லை. எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை என்பதால் இதை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை.

இரண்டாம் சாட்சி, மெஷின். அண்ணாச்சி கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். “பதினஞ்சு ஜுவல். மொய்ரிஸ் மெஷின் சார். நல்ல அயிட்டம்” என்றார். மொய்ரிஸ், ஏ.டி.பி. கடிகாரங்களைச் செய்துகொடுத்த சுவிஸ் நிறுவனங்களில் ஒன்று. அந்த வகைக் கடிகாரங்கள் 15 ஜுவல் கொண்டவை. பின்மூடியும் மெஷினும் ஒத்துப்போயின.

மூன்றாம் சாட்சி, முகப்பு. இங்கே கதை மாறியது. முகப்பில் எழுதியிருந்தது மொய்ரிஸ் அல்ல. எல்லோருக்கும் தெரிந்த வேறொரு புகழ்பெற்ற சுவிஸ் நிறுவனத்தின் பெயர். ஏ.டி.பி. கடிகாரங்களின் முகப்பு பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளி நிறம், இதிலோ கறுப்பு. நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்கவில்லை. நொடிமுள்ளின் சிறு வட்டத்துக்குள் வண்ணம் வழிந்திருந்தது. தொழிற்சாலை அச்சில் இப்படி நேராது. பழைய முகப்பைச் சுரண்டி, மேலே புதிதாக வண்ணமடித்து, விற்பனையாகும் பெயரை எழுதும் தொழில் நம் நாட்டின் பெருநகரக் கடைவீதிகளில் வெகுநாளாக உண்டு. மும்பையிலிருந்து வரும் இத்தகைய கடிகாரங்களுக்கு உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களிடையே தனிப் பட்டப்பெயரே இருக்கிறது.

நான்காம் சாட்சி, ஒளிர்பூச்சு. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியை முகப்பின்மேல் ஒரு நிமிடம் காட்டி அணைத்தோம். எண்கள் பச்சையாகப் பளிச்சிட்டுப் பல நிமிடம் ஒளிர்ந்தன. முட்கள் கறுத்தே இருந்தன. ஒரே கடிகாரத்தில், ஒரே காலத்தில் பூசிய பூச்சாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் மூப்படைந்திருக்க வேண்டும். ஒளியை வாங்கி இவ்வளவு வலுவாகவும் நெடுநேரமும் ஒளிர்வது, 1990களில் புழக்கத்துக்கு வந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகைப் பூச்சின் இயல்பு. அது கதிரியக்கமற்றது. அப்படியானால் கெய்கர் எண்ணியை ஒலிக்க வைத்தது எது? முட்களில் எஞ்சியிருந்த பழைய பூச்சு. முகப்பைப் புதுப்பித்தவர் முட்களை அப்படியே விட்டுவிட்டார். உதிர்ந்த பொடியும் முள்ளிலிருந்துதானே வந்தது?

அங்கேயே இன்னொரு பாடமும் நடந்தது. எண்ணிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்தோம். ஒலி ஏறத்தாழ மாறவில்லை. ஆல்பாவை மூடியே தடுத்துவிட்டதால் தாளுக்கு வேலை இல்லை. அலுமினியத் தகடு வைத்தோம். பீட்டா குறைந்து ஒலி தளர்ந்தது. எண்ணியை அரை மீட்டர் தள்ளினோம். பின்னணியோடு கிட்டத்தட்டக் கலந்துவிட்டது. தொலைவே நல்ல கவசம் என்பதைப் பேராசிரியர் எடுத்த இந்தக் காணொலி மூலம் மாணவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஐந்தாம் சாட்சி, ஆச்சி

எண்பதைத் தாண்டிய அந்த ஆச்சியிடம் நாங்கள் கண்டதை எதுவும் சொல்லாமல் கேட்டோம். சாட்சிக்கு விடையை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று சமூக அறிவியல் ஆசிரியர் மாணவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

“எங்க அப்பா பட்டாளத்துல தந்தி அடிக்கிற வேலை பார்த்தாக. சண்டை முடிஞ்சு வந்த பொறவு ராத்திரி எனக்கு அழுகை வந்தா அந்தக் கடிகாரத்தைத்தான் காட்டுவாக. விளக்கை அமத்திட்டா மின்மினிப் பூச்சி மாதிரி பச்சையா இருக்கும். விடியற வரைக்கும் இருக்கும்” என்றார் ஆச்சி.

“அப்போது முகப்பு என்ன நிறம் ஆச்சி?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

“வெள்ளைதான். இவன் தாத்தா, சின்னவ கல்யாணத்துக்கு முன்னாடி ரிப்பேருக்குக் கொடுத்தாரு. போகும்போது வெள்ளையாப் போச்சு, வரும்போது கறுப்பா வந்துச்சு. நான் சண்டை போட்டேன்.”

சின்ன மகளின் திருமணம் நடந்தது 2002இல். 1990களுக்குப் பிந்தைய பூச்சு என்று நாங்கள் கணித்ததை, அதைப்பற்றி ஏதும் அறியாத ஆச்சியின் நினைவு உறுதிசெய்தது. விடியும்வரை ஒளிர்ந்தது என்ற சொல்லும் ரேடியத்துக்கே பொருந்தும். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு கருதுகோள் இவ்வளவு அழகாக நிரூபணமானதில்லை.

வீட்டுப் பெட்டியில் அவருடைய பணி விடுவிப்புச் சான்றும் இருந்தது. 1942 முதல் 1946 வரை பணி, சமிக்ஞைப் பிரிவு. கடிகாரம் எல்லாச் சிப்பாய்களுக்கும் வழங்கப்பட்டதல்ல. நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கே தரப்பட்டது. தந்திப் பணியாளர் அதில் அடங்குவார். ஆனால் அந்தச் சான்றில் கடிகாரத்தின் வரிசை எண் கிடையாது. எனவே ‘இந்தக் கடிகாரம் இவருக்கு வழங்கப்பட்டது’ என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. பொருந்திவரும் சூழ்நிலைச் சான்றுகள்தாம் உண்டு. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தங்கள் அறிக்கையில் தெளிவாக எழுதினார்கள்.

அறிக்கையின் முடிவு இது: ‘பின்மூடி, மெஷின், முட்கள் ஆகியவை இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. முகப்பு பிற்காலத்தில் மாற்றி எழுதப்பட்டது. முகப்பில் உள்ள பெயர் பொய்.’

தந்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. முகப்பு மாறியதால் லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நம்பிக்கையில் கடன் வாங்க வேண்டாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முழுசும் பொய்னு சொல்லிருவீங்களோன்னு பயந்தேன் சார். தாத்தாவோடதுதான்னா போதும்” என்றார். அந்த வாரமே வங்கிக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க அவருக்கு உதவினோம், கிடைத்தது.

மாற்றப்பட்டதெல்லாம் போலியா?

ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டாள். இல்லை. 1945இல் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக ஒமேகா, லாஞ்சீன், சைமா, வெர்டெக்ஸ் முதலான பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரே விதிப்படி கறுப்பு முகப்புக் கைக்கடிகாரங்களைச் செய்தன. சேகரிப்பாளர்கள் இன்று மிகவும் தேடுவது அவற்றைத்தான். பின்மூடியில் ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்து மூன்று முறை இருக்கும். ‘கைக்கடிகாரம், நீர் புகாதது’ என்பதன் சுருக்கம் அது. பின்னாளில் இராணுவமே அவற்றில் பலவற்றின் ரேடியம் முகப்பை அகற்றி, டிரிட்டிய முகப்பைப் பொருத்தியது. வட்டத்துக்குள் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அந்த மாற்றத்தின் அறிவிப்பு. அந்த முகப்பு முதலில் இருந்தது அல்ல. ஆனாலும் நேர்மையானது, ஏனென்றால் தன்னை யாரென்று அதுவே சொல்லிவிடுகிறது. நம் கடிகாரத்தின் முகப்பு தன்னை வேறொருவராகக் காட்டிக்கொள்கிறது. போலி என்பது மாற்றத்தில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது என்று அவளே முடித்துவைத்தாள்.

அமெரிக்கப் படைகளின் ‘ஏ-11’ கடிகாரத்துக்கும் இதே முறை பொருந்தும். எல்ஜின், வால்தம், புலோவா ஆகிய நிறுவனங்கள் செய்த அதில் சாவியை இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். பல வீரர்கள் ஒரே நொடிக்கு நேரத்தைச் சரிசெய்ய அது உதவியது. ‘ஏ-11’ என்று சொல்லி விற்கப்படும் கடிகாரத்தில் நொடிமுள் நிற்காவிட்டால் கேள்வி கேட்க வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கடிகாரம் இல்லாமலே இந்தப் பாடத்தை நடத்தலாம், நடத்த வேண்டும்.

1. புளியங்கொட்டை அரை ஆயுட்காலம்: நூறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக் கொள்ளுங்கள். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே வந்தவற்றை நீக்குங்கள். மிஞ்சியவற்றை எண்ணி மீண்டும் குலுக்குங்கள். ஐந்தாறு முறை செய்து வரைபடம் வரைந்தால் சிதைவு வளைகோடு கிடைக்கும். எந்தக் கொட்டை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை விழும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கதிரியக்கத்தின் சாரமே அதுதான்.

2. கணக்கு: 80 ஆண்டுக்குப்பின் ரேடியம்-226, 60 ஆண்டுக்குப்பின் டிரிட்டியம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடச் சொல்லி ஒப்பிடச் செய்யுங்கள்.

3. ஐந்து சாட்சிகள்: வீட்டிலுள்ள பழைய நாணயம், பெயர் வெட்டிய பாத்திரம், பழைய புகைப்படம் ஆகியவற்றில் ஒன்றை மாணவர் எடுத்துக்கொள்ளட்டும். பொறிப்பு, பொருள், செய்முறை, தேய்மானம், வாய்மொழி என ஐந்து சாட்சிகளை விசாரித்து, எது உறுதி, எது ஊகம் என்று இரு பத்திகளாக எழுதட்டும். ‘இரண்டாம் உலகப் போர்’ பாடத்தோடும் இது இணையும்.

4. விவாதம்: ஆரஞ்சு நகரத் தொழிற்சாலையில் ரேடியத்தைக் கையாண்ட வேதியியலாளர்களுக்கு ஈயத் திரையும் இடுக்கியும் இருந்தன, தூரிகை பிடித்த பெண்களுக்கு எதுவும் இல்லை. ஏன்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய ரேடியம் கடிகாரம், அலாரக் கடிகாரம், திசைகாட்டி எதையும் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டில் இருந்தால் திறக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், ஊத வேண்டாம். மூடும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத, காற்றோட்டமான, யாரும் படுத்து உறங்காத இடத்தில் வைக்கட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குப்பையில் எறியக்கூடாது, எரிக்கவும் கூடாது. கல்லூரி இயற்பியல் துறையிடம் கேளுங்கள். கதிரியக்கப் பொருள்களுக்குப் பொறுப்பான அமைப்பு மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

அந்தக் கடிகாரம் இப்போது உறையிலிட்டு, ஆச்சி வீட்டுப் பின்கட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் இருக்கிறது. டப்பாவின் மேல் மாணவன் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: ‘திறக்காதீர்கள். உள்ளே ரேடியம். எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது.’

இந்த ஆண்டும் பாடம் தொடங்கும்போது அதே கேள்வியைக் கேட்டேன். அதே விடை வந்தது. பிறகு, பெஞ்சில் விழுந்த பொடியை நான் வாயால் ஊதிய கதையைச் சொன்னேன். ‘ரேடியம் முற்காலத்தில் கடிகார முகப்புகளில் பூசப்பட்டது’ என்ற வரியை இப்போதெல்லாம் நான் வெறுமனே சொல்லிக் கடப்பதில்லை.